சிறுபான்மை இயங்குதளமும் களிப்பெட்டியும்: கணினி விளையாட்டு வரலாற்றில் திருவனந்தபுரத்தின் இடம்

பயனர் எண்ணிக்கை குறைந்த இயங்குதளம் ஒன்றுக்காகக் கணினி விளையாட்டுகளை உருவாக்குவது உழைப்புக்கு ஏற்ற பயனைத் தருமா? மென்பொருள் துறையில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டுவரும் இவ்வினாவுக்கு வழக்கமாகத் தரப்படும் விடை ஓர் எளிய கணக்கு. ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளம் மாதந்தோறும் வெளியிடும் பயனர் கணிப்பில் குனு/லினக்ஸின் பங்கு பல ஆண்டுகள் ஏறத்தாழ 1 விழுக்காடாகவே இருந்தது. நூற்றில் ஒருவருக்காக நிரலை மாற்றியமைத்து, சோதித்து, பிழை நீக்கிப் பராமரிப்பது வீண் என்பதே அக்கணக்கின் முடிவு.

இக்கணக்கில் பிழையில்லை. ஆனால் எண்ணிக்கை எங்கே எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து 'சிறுபான்மை' என்னும் சொல்லின் பொருள் மாறிவிடுகிறது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் உள்ள கணினிகளை மட்டும் எண்ணினால் குனு/லினக்ஸே பெரும்பான்மை இயங்குதளம். அந்நிலை உருவான வரலாற்றின் மையம் திருவனந்தபுரம். அதைச் சந்தையின் வரலாற்றோடு சேர்த்து வாசித்தால் மேற்கண்ட வினாவுக்குச் சற்றே வேறான விடை கிடைக்கிறது.

1. ஒரே கோடையில் இரு நிகழ்வுகள்

1998-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஸ்காட் டிரேக்கர் என்பவர் லோக்கி சாஃப்ட்வேர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். விண்டோஸுக்காக எழுதப்பட்ட புகழ்பெற்ற விளையாட்டுகளின் உரிமத்தைப் பெற்று, அவற்றைக் குனு/லினக்ஸில் இயங்குமாறு மாற்றியமைத்து விற்பதே அதன் தொழில். 1999-இல் 'சிவிலைசேஷன்: கால் டு பவர்' வெளிவந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 'குவேக் 3', 'சிம்சிட்டி 3000' உட்பட பதினைந்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் இவ்வாறு வெளியாயின. ஆனால் விற்பனை செலவை ஈடுகட்டவில்லை. 2001 ஆகஸ்டில் அந்நிறுவனம் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியது. 2002 ஜனவரி இறுதியில் மூடப்பட்டது. சிறுபான்மை இயங்குதளத்தில் விளையாட்டு வணிகம் நிலைக்காது என்பதற்கான சான்றாக லோக்கியின் கதை இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகிறது.

லோக்கி திவால் பாதுகாப்பு கோருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2001 ஜூலை 20 அன்று, ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. எனினும் ஒரே இயங்குதளம் ஓரிடத்தில் சந்தைப்பொருளாகத் தோற்ற அதே கோடையில், வேறோரிடத்தில் பொதுக்கொள்கைக்குரிய பொருளாக விவாதிக்கப்படத் தொடங்கியது. பின்னாளில் இவ்விரு ஓடைகளும் பள்ளிக் கணினி அறையில் ஒன்றுசேர்ந்தன.

2. பாடநூல் எந்த இயங்குதளத்தில்?

கேரளத்தில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2001-இல் தொடங்கியது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் முன்னாள் தலைவர் யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரை அதற்கு அடிப்படையாக அமைந்தது. தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சியும் பாடநூலும் விண்டோஸைச் சார்ந்தே இருந்தன. கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கமும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் இதை எதிர்த்தனர். ஒரு தனியார் நிறுவனத்தின் விற்பனைப் பொருளை இயக்கக் கற்றுத்தருவதற்கும் கணினியைக் கற்றுத்தருவதற்கும் வேறுபாடு உண்டு என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம். பாடநூல் ஒரு பொருளின் பெயரைச் சுமக்குமானால் பள்ளியும் பெற்றோரும் அப்பொருளை வாங்கக் கடமைப்பட்டவர் ஆகிவிடுவர் என்ற அச்சமும் அதில் அடங்கியிருந்தது.

விவாதத்தின் விளைவாக முதலில் குனு/லினக்ஸ் ஒரு மாற்றுத் தெரிவாகப் பள்ளிகளுக்குள் நுழைந்தது. 2006-இல் வி.எஸ். அச்சுதானந்தன் தலைமையில் அமைந்த அரசு கட்டற்ற மென்பொருளைக் கொள்கையாகவே முன்னெடுத்தது. 2007-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பக் கொள்கை அதை எழுத்தில் வடித்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணினிச் செய்முறைத் தேர்வு முழுமையாகக் கட்டற்ற மென்பொருளில் நடைபெறும் நிலை உருவாயிற்று. தேர்வு எந்த இயங்குதளத்தில் நடக்கிறதோ அந்த இயங்குதளமே பள்ளியில் வாழும். கேரளத்தில் குனு/லினக்ஸ் வேரூன்றியதற்கு இதைவிட வலுவான காரணம் தேட வேண்டியதில்லை.

3. கணினி அறைக்குள் வந்த விளையாட்டு

உயர்நிலை வகுப்புகளுக்கு உரைத்தொகுப்பியும் அட்டவணைச் செயலியும் போதுமானவையாக இருந்திருக்கலாம். தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு அவை போதா. சுட்டியைப் பிடிக்கப் பழகாத ஆறு வயதுக் குழந்தை கணினியின் முன் அமர வேண்டுமானால் அங்கே விளையாட்டு இருந்தாக வேண்டும். கேரளத்தில் 1 முதல் 4 வரையிலான வகுப்புகளுக்கு உருவாக்கப்பட்ட கணினிச் செயல்பாட்டு நூலின் பெயரே 'களிப்பெட்டி'. மலையாளத்தில் 'களி' விளையாட்டு. தமிழில் அது மகிழ்ச்சி. விளையாட்டுப் பெட்டி என்று மலையாளி வாசிக்கும் பெயரை மகிழ்ச்சிப் பெட்டி என்று தமிழர் வாசித்தாலும் பிழையில்லை.

பள்ளிகளுக்கான இயங்குதளத் தொகுப்பில் இடம்பெற்ற இரு மென்பொருள்களின் வரலாறு இங்கே சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. முதலாவது 'டக்ஸ் பெயிண்ட்'. குழந்தைகள் படம் வரைந்து விளையாடுவதற்கேற்ற மென்பொருள் குனு/லினக்ஸில் இல்லை என்ற குறையைப் போக்க, 2002-இல் பில் கெண்டிரிக் இதை எழுதத் தொடங்கினார். இரண்டாவது 'ஜிகாம்ப்ரி'. பிரான்சைச் சேர்ந்த புரூனோ குடுவான் 2000-இல் தொடங்கிய இத்தொகுப்பில் எண், எழுத்து, நினைவாற்றல், புதிர் முதலியவை சார்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் உள்ளன. 'எனக்குப் புரிந்துவிட்டது' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரே அதன் பெயராயிற்று. இதன் விண்டோஸ் பதிப்பில் நெடுங்காலம் சில விளையாட்டுகள் மட்டுமே இலவசமாக இருந்தன. எஞ்சியவற்றைத் திறக்கக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. குனு/லினக்ஸ் பதிப்போ தொடக்கம் முதலே முழுமையாகத் திறந்திருந்தது. பெரும்பான்மை இயங்குதளத்தின் வருவாய் சிறுபான்மை இயங்குதளத்தின் பதிப்பைத் தாங்கிய அரிய எடுத்துக்காட்டு இது.

டக்ஸ் பெயிண்டின் அடித்தளம் எஸ்.டி.எல். என்னும் நிரல்தொகுதி. திரையில் படம் வரைதல், ஒலி எழுப்புதல், விசைகளின் அழுத்தத்தை அறிதல் ஆகிய பணிகளை எந்த இயங்குதளத்திலும் ஒரேவிதமாகச் செய்ய உதவுவது அது. 1998-இல் அதைத் தொடங்கியவர் சாம் லாண்டிங்கா. லோக்கி நிறுவனத்தின் முதன்மைப் பொறியாளராகப் பணியாற்றியவரும் அவரே. லோக்கியின் விளையாட்டுகள் பலவும் எஸ்.டி.எல். வழியாகவே குனு/லினக்ஸுக்கு வந்தன. நிறுவனம் மூடப்பட்டது; எஸ்.டி.எல். அழியவில்லை. அதன் மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் இருந்தமையால் மற்றவர்கள் அதை எடுத்தாள முடிந்தது. லோக்கியின் கணக்கேட்டில் நட்டமாக முடிந்த உழைப்பின் ஒரு பகுதி, கேரளத்துக் குழந்தைகள் வண்ணம் தீட்டி விளையாடும் திரைக்கு அடியில் இன்றும் இயங்குகிறது. லாண்டிங்கா பின்னர் வால்வ் நிறுவனத்தில் சேர்ந்தார். ஸ்டீம் தளத்தின் விளையாட்டுகளும் இன்று எஸ்.டி.எல்.-ஐப் பெருமளவில் பயன்படுத்துகின்றன. விற்பனை எண்ணிக்கையை மட்டும் கொண்டு லோக்கியை மதிப்பிடும் வரலாறு இப்பகுதியைக் காண்பதில்லை.

4. எழுத்து என்னும் தடை

குழந்தைகளுக்கான விளையாட்டு அவர்களுடைய மொழியில் பேச வேண்டும். இங்கேதான் சிறுபான்மை இயங்குதளத்தின் மற்றொரு பயன் வெளிப்படுகிறது. ஆங்கிலத்தில் எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் சொல் கிடைத்துவிடும். தமிழில் 'கொ' என்று எழுத, ககரத்தின் இருபுறமும் குறிகள் அமைய வேண்டும். கணினியின் நினைவகத்திலோ அது ககரம், அதன்பின் ஓர் உயிர்க்குறி என்ற வரிசையில் கிடக்கிறது. வரிசைப்படியே அடுக்கும் நிரல் அக்குறியைச் சிதைத்துத் திரையில் இடும். கூட்டெழுத்துகள் மிகுந்த மலையாளத்தில் இச்சிக்கல் பன்மடங்கு பெரிது.

டக்ஸ் பெயிண்டின் தொடக்ககாலப் பதிப்புகள் எழுத்தை எளிய முறையில் அடுக்கும் துணைநிரலையே நம்பியிருந்தன. பின்னர் குனோம் பணிச்சூழலுக்காக வளர்க்கப்பட்ட 'பாங்கோ' என்னும் எழுத்தமைப்பு நிரல் அதனுடன் இணைக்கப்பட்டது. சிக்கலான எழுத்துமுறைகளைச் சரியாகக் காட்ட அதனால் முடிந்தது. மூடிய விளையாட்டு ஒன்றில் இந்தக் குறையைக் கண்ட பயனர் செய்யக்கூடியது முறையீடு ஒன்றே. சில இலட்சம் குழந்தைகள் பேசும் மொழிக்காக வணிக நிறுவனம் தன் எழுத்தமைப்பு நிரலை மாற்றுவதற்குப் பொருளியல் காரணம் இருப்பதில்லை. திறந்த மூலநிரலில், ஒருவர் ஒரு திட்டத்திற்காக எழுதிய தீர்வை மற்றொருவர் வேறொரு திட்டத்தில் பொருத்த முடிகிறது. கேரளத்தில் ரசனா எழுத்துரு இயக்கமும் சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவும் இதே காலத்தில் மலையாள எழுத்துருக்களையும் மொழிபெயர்ப்புகளையும் உருவாக்கிக்கொண்டிருந்தன. விளையாட்டும் எழுத்துருவும் மொழிபெயர்ப்பும் ஒன்றையொன்று தாங்கின.

கேரளத்தில் தமிழ், கன்னட வழிப் பள்ளிகளும் உள்ளன. கணினிப் பாடநூல்கள் அம்மொழிகளிலும் வெளியாகின்றன. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ் வழியில் பயிலும் குழந்தை சிறுபான்மை மாநிலமொழியினர்; அவர் பயன்படுத்துவதும் உலகளவில் சிறுபான்மை இயங்குதளம். இத்தகைய இரட்டைச் சிறுபான்மைக்காக ஒரு விளையாட்டு தமிழ்ப்படுத்தப்படுவதைச் சந்தைக் கணக்கு எந்நாளும் நியாயப்படுத்தாது. கல்வி உரிமை என்னும் கணக்கு நியாயப்படுத்தும்.

5. சிதறலுக்குத் தீர்வு

குனு/லினக்ஸுக்கு எதிராக விளையாட்டு உருவாக்குவோர் முன்வைக்கும் வலுவான குற்றச்சாட்டு பயனர் குறைவு அன்று, சிதறல். நூற்றுக்கணக்கான வழங்கல்கள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பதிப்பு நிரல்தொகுதிகள், ஆண்டுக்கு ஆண்டு மாறும் ஒலியமைப்பு முறைகள். லோக்கி 2000-ஆம் ஆண்டு வாக்கில் விற்ற வட்டுகளைப் பிற்காலக் குனு/லினக்ஸில் இயக்குவது எளிதன்று. அதே விளையாட்டின் விண்டோஸ் பதிப்பை 'வைன்' என்னும் இடைமென்பொருள் வழியாக அதே கணினியில் இயக்குவது பல வேளைகளில் எளிதாக இருக்கிறது. குனு/லினக்ஸில் நிலையாக இருப்பது விண்டோஸின் இடைமுகமே என்ற நகைமுரண் நிரலாளரிடையே பழக்கமானது.

திருவனந்தபுரம் பூஜப்புரையில் இயங்கும் நிறுவனம் இச்சிக்கலை நிர்வாக வழியில் தீர்த்தது. 2017-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்', 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக மாறியது. அதற்கு முன்பும் பின்பும், முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடிப்படையாகக் கொண்ட ஒரே தொகுப்பு மாநிலமெங்கும் உள்ள பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டது. பாடநூலில் அச்சான திரைப்படமும் மாணவரின் முன்னுள்ள திரையும் ஒன்றாக இருந்தன. காசர்கோட்டில் பிழையின்றி இயங்கும் விளையாட்டு பாறசாலையிலும் அவ்வாறே இயங்கும். சிதறல் இயங்குதளத்தின் இயல்பு என்று கருதப்பட்டது. உண்மையில் அது பொறுப்பேற்க ஒருவர் இல்லாமையின் விளைவு என்பதை இவ்வனுபவம் காட்டுகிறது.

தமிழ்நாட்டின் அனுபவத்தை இதனுடன் ஒப்பிடலாம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் ஒரே கணினியில் பதியப்பட்டு வழங்கப்பட்டன. ஆனால் பாடநூலும் தேர்வும் பாஸ் லினக்ஸைச் சுற்றி அமைக்கப்படவில்லை. வன்வட்டில் இடம்பெறுவதும் வகுப்பறையில் இடம்பெறுவதும் ஒன்றல்ல.

6. கணக்கை மீண்டும் பார்த்தல்

2019-இல் உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட பள்ளி இயங்குதளம் வெளியானபோது, இரண்டு இலட்சம் கணினிகளில் அது பதியப்படும் என்றும் இதனால் ரூ. 3,000 கோடி மிச்சமாகும் என்றும் கைட் கூறியது. ஒரு கணினிக்கு ரூ. 1.5 இலட்சம் மதிப்புள்ள உரிம மென்பொருள் தேவைப்படும் என்ற ஊகத்தின்மீது அந்த எண் நிற்கிறது. கட்டணம் செலுத்த வேண்டியிருந்தால் பள்ளிகள் அத்தனை மென்பொருள்களையும் வாங்கியிருக்குமா என்பது ஐயத்திற்குரியது. பெரும்பாலானவற்றை வாங்காமலேயே இருந்திருக்கும். ஆகவே அதை மிச்சப்படுத்திய பணம் என்பதைவிட, இல்லாமற்போயிருக்கக்கூடிய வாய்ப்புகளின் மதிப்பு என்று கொள்வதே பொருத்தம்.

சந்தைத் தரப்புக் கணக்கிலும் இதே எச்சரிக்கை தேவை. 'பிளானட்டரி அனிஹிலேஷன்' விளையாட்டின் உருவாக்குநர்களுள் ஒருவர், விற்பனையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவான குனு/லினக்ஸ் பயனர்களிடமிருந்தே 20 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட முடங்கல் அறிக்கைகள் வந்ததாகப் பதிவுசெய்தார். இது இயங்குதளத்தின் சுமைக்குச் சான்றாகப் பரவலாக எடுத்தாளப்பட்டது. 2021-இல் 'டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன்' விளையாட்டை உருவாக்கியவர் வெளியிட்ட எண்கள் மறுபக்கத்தைக் காட்டின. விற்பனையில் 5.8 விழுக்காடாக இருந்த குனு/லினக்ஸ் பயனர்கள் வழு அறிக்கைகளில் 38 விழுக்காட்டை அளித்தனர். ஆனால் அந்த நானூறு அளவிலான அறிக்கைகளில் மூன்று மட்டுமே குனு/லினக்ஸுக்கே உரியவை. எஞ்சியவை எல்லா இயங்குதளங்களிலும் இருந்த வழுக்கள்; அவற்றைக் கண்டறிந்து தெளிவாக எழுதியவர்கள் சிறுபான்மைப் பயனர்கள். ஒரே வகை எண் ஒருவருக்குச் சுமையாகவும் மற்றொருவருக்கு ஊதியமில்லாத சோதனையாளரின் உதவியாகவும் தெரிகிறது.

7. வரம்புகள்

திருவனந்தபுரத்தின் வரலாற்றை வெற்றிக்கதையாக மட்டும் எழுதுவது முறையாகாது. முதலாவதாக, பள்ளித் தொகுப்பின் புகழ்பெற்ற விளையாட்டுகள் பிரான்சிலும் அமெரிக்காவிலும் பிறந்தவை. இரண்டு இலட்சம் கணினிகள் என்பது எந்தச் சிறு விளையாட்டுக் குழுவும் விரும்பத்தக்க களம். அக்களத்திற்கெனவே கேரளத்தின் நிலமும் நாட்டார் விளையாட்டும் கதைமரபும் கொண்ட விளையாட்டுகள் எந்த அளவுக்கு உருவாயின என்பதே திட்டத்தின் கடினமான சோதனை. 2018 ஜனவரியில் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் இதற்கு ஒரு தொடக்கத்தை அளித்தன. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர்கள் அவற்றில் அசைவூட்டமும் நிரலாக்கமும் பயில்கின்றனர். 'ஸ்கிராட்ச்' வழியாகத் தாமே சிறு விளையாட்டுகளை அமைக்கின்றனர். விளையாடுபவர் உருவாக்குபவராக மாறும் இடம் இதுவே.

இரண்டாவதாக, பள்ளிக்கு வெளியே அதே மாணவர் கையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி உள்ளது. அதன் கருநிரல் லினக்ஸ்தான். ஆனால் பள்ளியில் கற்ற 'திறந்து பார்த்து மாற்றும் உரிமை' அங்கே செயலிக் கடையின் வாசலோடு நின்றுவிடுகிறது. இயங்குதளத்தின் பெயரைவிட, அதன்மீது பயனருக்குள்ள உரிமையே முதன்மையானது என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாவதாக, 2018-இல் வால்வ் வெளியிட்ட 'புரோட்டான்', வைனை அடிப்படையாகக் கொண்டு விண்டோஸ் விளையாட்டுகளைக் குனு/லினக்ஸில் நேரடியாக இயக்கியது. 2022-இல் வெளிவந்த 'ஸ்டீம் டெக்' கையடக்கக் கருவி லினக்ஸில் இயங்குகிறது. ஆனால் அதில் விளையாடப்படுபவற்றுள் பெரும்பாலானவை விண்டோஸ் விளையாட்டுகள். இயங்குதளம் வளர்ந்தது, அதற்கெனத் தனியே விளையாட்டு எழுதவேண்டிய கட்டாயம் குறைந்தது. வணிக விளையாட்டுகளைப் பொறுத்தவரை பழைய வினாவே இதனால் மங்கிவருகிறது.

8. முடிவாக

லோக்கியையும் பூஜப்புரையையும் அருகருகே வைத்து நோக்கினால், சிறுபான்மை இயங்குதளத்தில் விளையாட்டு உருவாக்கும் உழைப்பு பயன்தர மூன்று நிபந்தனைகள் தேவைப்படுவது புலனாகிறது. பெரும்பான்மை இயங்குதளம் நிறைவேற்றாத ஒரு தேவை பயனருக்கு இருக்க வேண்டும். கேரளத்தில் அது தாய்மொழியும் குழந்தையின் வயதும். இயங்குதளத்தின் பதிப்புக்கும் பராமரிப்புக்கும் ஒரு நிறுவனம் நீண்டகாலப் பொறுப்பேற்க வேண்டும். உருவாக்கியவர் விலகினாலும் மற்றொருவர் தொடரும்படி மூலநிரல் திறந்திருக்க வேண்டும். லோக்கியின் விற்பனைப் பெட்டிகளுக்கு இம்மூன்றும் வாய்க்கவில்லை. அதன் பொறியாளர் விட்டுச்சென்ற எஸ்.டி.எல்.-க்கு மூன்றாவது நிபந்தனை வாய்த்தது. மற்ற இரண்டையும் வழங்கும் இடங்களுள் ஒன்றைப் பின்னாளில் அது கேரளத்தில் கண்டது.

ஆய்வாளர் உடனே கவனிக்கவேண்டிய பணி ஒன்றும் உண்டு. பள்ளி இயங்குதளத்தின் ஒவ்வொரு புதிய பதிப்பும் பழையதை அழித்துவிட்டே வன்வட்டில் பதிகிறது. தொடக்ககாலக் குறுவட்டுகள், அவற்றிலிருந்த மலையாள, தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்புகள், ஆசிரியர் பயிற்சிக் கையேடுகள் ஆகியவை தென்னிந்திய மொழிகளின் கணினி வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகள். ஓலைச்சுவடிக்கும் நாளிதழுக்கும் காப்பகம் அமைத்த பல்கலைக்கழகங்கள் இவற்றுக்கு இன்னும் உரிய இடம் தரவில்லை. அப்பயிற்சியை முன்னின்று நடத்திய முதல் தலைமுறை ஆசிரியர்கள் ஓய்வுபெற்றுவரும் காலம் இது. அவர்களுடைய வாய்மொழிப் பதிவுகளும் அலமாரிகளில் தங்கிய வட்டுகளும் திரட்டப்பட்டால், விளையாட்டு எத்தனை படிகள் விற்றது என்பதோடு, அது யாரிடம் சென்று எதுவாக மாறியது என்பதையும் வரலாறு சொல்ல முடியும்.